மூலப் படத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

ரீமேக் உரிமை வாங்கும், விற்கும் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கு,

நான் தக்கலையில் ஸெராக்ஸ் கடை வைத்திருப்பவன். 27 வருடமாக நகல் எடுத்துத்தான் பிழைக்கிறேன். ஆகவே ரீமேக் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் எழுதிய கடிதம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நகலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. சில நகல் ஒரிஜினலைவிடத் தெளிவாக விழும். பழைய பத்திரத்தில் மை மங்கிப்போயிருந்தால், மெஷினில் கொஞ்சம் கறுப்பு கூட்டி எடுத்ததும் சர்வே நம்பர் பளிச்சென்று தெரியும். பத்திரத்துக்குச் சொந்தக்காரரே அப்போதுதான் அந்த நம்பரை முதல்முறையாகப் படிப்பார்.

கடையில் அடிக்கடி நடக்கிற இன்னொன்றும் உண்டு. சாயங்காலம் கூட்டம் ஓய்ந்தபின் மெஷின் மூடியைத் தூக்கினால் கண்ணாடிமேல் ஏதாவது கிடக்கும். ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஒருமுறை ஒருவருடைய கல்யாணச் சான்றிதழ். நகலை வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டு ஒரிஜினலை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கென்றே ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். இரண்டு நாள் கழித்தோ இரண்டு மாதம் கழித்தோ மூச்சிரைக்க வருவார்கள். "அண்ணாச்சி, ஒரிஜினல இங்கனதான் விட்டுட்டேனா?" டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். இதுவரை ஒன்றும் தொலைந்ததில்லை.

உங்களிடமும் அதையேதான் கேட்க வந்திருக்கிறேன். நகல் எடுத்தீர்கள், சரி. ஒரிஜினல் எங்கே?

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மேல்மாடி ஹாலில் படம் போடுகிறோம். 60 நாற்காலி, ஒரு வாடகை புரொஜெக்டர், இடைவேளையில் சுக்குக் காப்பி. சங்கம், பதிவு எண் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வருகிறவர்களில் ஆட்டோ ஓட்டுபவர் உண்டு, ஓய்வு பெற்ற டீச்சர் உண்டு, கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. உரிமை வைத்திருப்பவரிடம் எழுதிக் கேட்டு, கேட்ட தொகையைக் கட்டித்தான் போடுகிறோம். இந்த வருடம் எடுத்துக்கொண்டது ரீமேக். ஒரு மாதம் முதல் படம், அடுத்த மாதம் அதை வைத்து எடுத்த படம், கடைசியில் அரை மணி நேரம் சண்டை.

அந்த வரிசையில் 1980களில் வந்த ஒரு தமிழ்ப் படம் இருந்தது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒருவரைத் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்பது என் நோக்கம் இல்லை. அதன் ரீமேக் வரப்போகிறது என்று செய்தி வந்தபோது எங்களுக்குச் சந்தோஷம்தான். பழையது ஒரு ஓடிடியில் இருந்தது. நானே அதில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். புதுப் படம் வெளிவருவதற்குப் பத்து நாள் முன்னால் தேடினால் அதைக் காணவில்லை. யூடியூபில் தயாரிப்பாளரின் பக்கத்தில் இருந்த பிரதியும் போய்விட்டது. பாட்டுகள் மட்டும் கிடந்தன.

போன் போட்டேன். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், ரீமேக் வருதில்ல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மீம்ஸ் போடுவாங்க. அதான் எறக்கச் சொல்லிட்டாங்க." திரையிட அனுமதி கேட்டேன், கட்டணம் எவ்வளவு என்றாலும் சொல்லுங்கள் என்றேன். "இப்போதைக்கு இல்ல சார்." எப்போதைக்கு என்று கேட்டேன். அதற்கு அவனிடம் பதில் இல்லை, பாவம்.

புதுப் படத்தை முதல் நாளே போய்ப் பார்த்தோம். டைட்டிலில் மூலப் படத்தின் பெயர் நன்றி அட்டைகளுக்கு நடுவே, ஒரு ஹோட்டலுக்கும் ஒரு டிராவல்ஸுக்கும் இடையில் ஓடியது. என் பக்கத்தில் இருந்த பிள்ளை கண் சிமிட்டிவிட்டு "போட்டாங்களா?" என்று கேட்டாள். படம் இரண்டாவது வாரம் தாண்டவில்லை. நான்கு மாதம் ஆகிறது. பழைய படம் இன்னும் திரும்பி வரவில்லை. ஒப்பிட்டுப் பேச ஆளே இல்லாதபோதும் அது எதற்காக உள்ளே கிடக்கிறது?

வேறு வழியில் கிடைக்கும் என்று பையன்கள் சொன்னார்கள். டெலகிராமில் ஒன்று இருந்தது. ஏதோ டிவியில் வந்தபோது பிடித்தது, மூலையில் சேனல் முத்திரை, இரண்டு பாட்டு இல்லை, கிளைமாக்ஸுக்கு முன்னால் ஒரு காட்சி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நீங்கள் இறக்கியதால் முறையாகக் காசு கட்டிப் பார்க்க வந்த 60 பேருக்குத்தான் படம் இல்லாமல் போனது. திருட்டுப் பிரதி வைத்திருந்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு இதில் சொந்த வருத்தம் ஒன்றும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. என் அப்பா தியேட்டர் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரித்து ஓட்டிய காலத்திலிருந்து செனான் விளக்கு வந்தது வரை அவர் அந்த அறைக்குள்தான் இருந்தார். இந்தப் படம் எங்கள் ஊரில் ஐந்து வாரம் ஓடியது, ஓட்டியது அவர். ஓடும்போது ஃபிலிம் அறுந்தால் கிழிந்த இடத்தை வெட்டிவிட்டு ஒட்டுவார். வெட்டிய துண்டு எனக்கு. அந்தப் படத்தில் கதாநாயகி கிணற்றடியில் திரும்பிப் பார்க்கிற 11 ஃப்ரேம் இன்னும் என்னிடம் ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறது. நிறம் முழுக்க இளஞ்சிவப்பாக வெளுத்துவிட்டது. ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம் என்றால் என்னிடம் இருப்பது அரை செகண்டுக்கும் குறைவு. அப்பாவுக்கு இப்போது 84 வயது. சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். படம் இல்லை என்றதும் அவர் கேட்டது, "ஏம்லே, பொட்டி வரல்லியா?" அந்தக் காலத்தில் படப்பெட்டி பஸ்ஸில் வரும். பஸ் லேட்டானால் ஷோவும் லேட். பெட்டி வராத நாளில் ஜனம் எப்படிக் கத்தும் என்று அவருக்குத்தான் தெரியும்.

சரி, ஒப்பிட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் தேவையில்லாதது என்பதை எங்கள் 60 நாற்காலியை வைத்தே காட்டுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை என் கடையிலிருந்து பக்கம். இடம் கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பு கேரள அரசு. 1993இல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் சில காட்சிகளை அங்கேதான் எடுத்தார்கள். ஃபாசில் இயக்கம், மது முட்டம் எழுத்து, ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். எங்கள் பக்கம் மலையாளப் படம் தமிழ்ப் படம் போலவே ஓடும், சப்டைட்டில் யாருக்கும் தேவைப்படாது. தியேட்டரில் பார்த்தபோது எங்களை உலுக்கியது என்ன தெரியுமா? படம் முழுக்க மலையாளம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஷோபனா வாயிலிருந்து தமிழ் வருகிறது. அவளைப் பிடித்ததாகச் சொல்லும் பேய் நாகவல்லி, தஞ்சாவூர் ஆட்டக்காரி. அங்கிருந்த மலையாளிகளுக்கு அது அந்நிய பாஷை, பேயின் பாஷை. எங்களுக்கு அது வீட்டில் பேசுகிற பாஷை. முதுகுத்தண்டு சில்லிட்டது.

இதைத் தமிழில் எடுக்கும்போது என்ன செய்வது? பேயும் தமிழ் பேசினால் அந்த அதிர்ச்சி செத்துவிடும். பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' எடுத்தபோதும், 2005இல் 'சந்திரமுகி' எடுத்தபோதும் அவளைத் தெலுங்கு பேச வைத்தார். 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளி. எந்த ஊருக்குப் போனாலும் பேய் மட்டும் அடுத்த ஊர்க்காரி! இதை எங்கள் ஹாலில் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பி.காம். படிக்கிற பையன். இரண்டு படத்தையும் அடுத்தடுத்த மாதம் பார்த்ததால்தான் சொன்னான். ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் 'ரா ரா' பாட்டு ஏன் தெலுங்கில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்கவே செய்யாது.

எது உசத்தி என்று ஓட்டெடுப்பு வைத்தோம். 'மணிச்சித்ரத்தாழ்' ஜெயித்தது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசத்தில் இல்லை. மோகன்லால் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறார், அதுவரை வீடே கதாநாயகன், அது பெரிய துணிச்சல் என்றார்கள். ரஜினிக்கு அப்படிச் செய்ய முடியாது, அவர் ஆரம்பத்திலேயே சண்டை போட்டு 'தேவுடா தேவுடா' பாடியாக வேண்டும். ஆனால் வடிவேலு பயப்படுகிற பயம் மூலத்தில் இல்லை, அது தமிழ் கொடுத்த சீர் என்று டீச்சர் ஒருவர் வாதாடினார். ஜோதிகா கட்டிலைத் தூக்கும் இடத்தில் இப்போதும் ஹாலில் ஒரு குழந்தை அழுதது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படத்துக்கு எங்கள் ஓட்டினால் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.

அடுத்து மலையாள 'த்ரிஷ்யம்', 2013, குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு கொலையை மறைக்கிற அப்பாவின் கதை. ஜீத்து ஜோசப்பே 2015இல் தமிழில் 'பாபநாசம்' எடுத்தார், ஜெயமோகன் வசனம். ஒரே இயக்குநர், ஏறக்குறைய அதே காட்சிகள், இரண்டிலும் போலீஸ் அதிகாரியாக அதே ஆஷா சரத். அப்படியிருந்தும் இரண்டும் ஒன்றில்லை. கமல் பேசியது பாபநாசத்துப் பேச்சா, எங்கள் நாஞ்சில் நாட்டுப் பேச்சா என்ற சண்டை எங்கள் ஊர் டீக்கடைகளில் பத்து வருடமாக நடக்கிறது. தீரும் என்று தோன்றவில்லை. அது போகட்டும். கடைசியில் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா அம்மாவுக்கு முன்னால் கதாநாயகன் நிற்கிற காட்சி இருக்கிறதே, அதை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மோகன்லால் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிறார். கமல் உடைந்துவிடுகிறார். நான் மோகன்லால் கட்சி. எங்கள் ஆட்டோக்காரர் எழுந்து, "தகப்பன்னா அழுவான் அண்ணாச்சி, அழாதவன் கல்லு" என்றார். இரண்டு பொம்பளைப் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு ரீமேக் மூலத்தைத் தாண்டியது என்று ஒத்துக்கொண்டேன்.

இதே கதையைச் சீனாவில் 2019இல் எடுத்தார்கள். தாய்லாந்தில் வாழும் சீனக் குடும்பமாக மாற்றி, கடைசியில் அவன் சரணடைவதாக முடித்தார்கள். அந்த முடிவு எங்களில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தப்பித்துக்கொள்கிறவனைப் பார்த்து நாம் ஏன் கைதட்டினோம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேசினோம். ஒரு கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது கிடைக்கிற லாபம் இது. மூன்றும் கிடைத்தால்தான் கிடைக்கும்.

இன்னொன்று 'தில்லுமுல்லு'. 1981, கே. பாலசந்தர். நான் வளர்ந்ததே அந்தப் படத்தோடுதான். ஐயம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் இந்திரன் என்று ஒரே மூச்சில் சொல்லத் தெரியாதவனை எங்கள் தெருவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அது 1979இல் ரிஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த 'கோல்மால்' என்று எனக்குத் தெரிந்தபோது தலையில் நரை விழுந்துவிட்டது. தேடிப் பிடித்துப் பார்த்தேன். மீசை, இல்லாத தம்பி, இரவல் அம்மா எல்லாம் அங்கேயே இருந்தது. எனக்கு 'தில்லுமுல்லு' மட்டமாகிவிட்டதா? அப்படி ஆகவில்லை. உத்பல் தத் என்ற அபாரமான நடிகர் செய்ததைப் பார்த்த பிறகுதான், தேங்காய் சீனிவாசன் அதன்மேல் எவ்வளவு சேர்த்திருக்கிறார் என்று தெரிந்தது. முன்பு சிரித்தேன், இப்போது வியக்கிறேன். 2013இல் அதே பெயரில் மறுபடி எடுத்தார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் 1981க்கு வந்தேன் என்றார்கள். அப்படி வருகிறவனுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் இல்லையா?

என் அம்மாவுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' 1964இல் என்.டி.ஆர். நடித்த 'ராமுடு பீமுடு' என்று சாகும்வரை தெரியாது. நான் சொன்னதும் இல்லை. சொல்லியிருந்தாலும் 'நான் ஆணையிட்டால்' வரும்போது அவள் பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்து நின்றிருப்பாள்.

ஆக, ரீமேக் மூலத்தை மிஞ்சுமா என்ற கேள்விக்கு என் பதில், மிஞ்சும். எல்லா நாளும் இல்லை, சில நாள். ஆனால் மூலத்தை ஒளித்து வைத்துவிட்டு மிஞ்சியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் ஹாலில் ரீமேக்குக்கு விழுந்த ஒவ்வொரு ஓட்டும் மூலத்தைப் பார்த்தவர்கள் போட்ட ஓட்டு.

உங்களுக்குப் பண விஷயத்தில் கவலை இருந்தால் அதையும் பார்ப்போம். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் டிஜிட்டலில் மறுபடி வந்து 100 நாளைத் தாண்டி ஓடியது. 2024 ஏப்ரலில் 'கில்லி' திரும்ப வந்தபோது இங்கே நாகர்கோவிலில் டிக்கெட்டுக்காக என் கடைப் பையன் லீவு போட்டான். 'கில்லி'யே 2003இல் வந்த 'ஒக்கடு' தெலுங்குப் படத்தின் ரீமேக் என்பதை மறக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் 'மணிச்சித்ரத்தாழ்' 4கேயில் தியேட்டருக்கு வந்தது. அதை வைத்துப் பல மொழிகளில் படம் வந்து, அவை ஓடி, டிவியில் நூறு தடவை போட்டு முடித்த பிறகு, 31 வருடம் கழித்து! ரீமேக் வந்தால் மூலத்தின் மதிப்பு போய்விடும் என்று எந்தக் கணக்குப்பிள்ளை உங்களுக்குச் சொன்னார்?

பூட்டி வைப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பூட்டிய அறைக்குள் ஃபிலிம் சும்மா இருக்காது. அப்பாவுக்கு இது வாசனையிலேயே தெரியும். வருடக்கணக்கில் திறக்காத டப்பாவைத் திறந்தால் காடி வாடை அடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் ஃபிலிம் உள்ளுக்குள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு சுருங்கும், நெளியும், மெஷினில் ஏறாது. கறுப்பு வெள்ளைப் பிரதிகளை அதில் இருக்கிற வெள்ளிக்காகக் கரைத்து விற்ற கதையும் அவர் சொல்லியிருக்கிறார். 1931இல் வந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம், அதன் ஒரு பிரதி கூட இன்று இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நடந்த தீ விபத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பழைய நைட்ரேட் ஃபிலிம் சுருள்கள் எரிந்தன. அரசு காப்பகத்துக்கே அந்த நிலை என்றால், கோடம்பாக்கத்தில் ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் நெகட்டிவ் என்ன ஆகும்?

சட்டம் உங்கள் பக்கம்தான், தெரியும். 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு படத்தின் உரிமை, அது வெளியான வருடம் முடிந்து 60 வருடம் வரை உங்களுடையது. காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1983இல் வந்த ஒரு படம் பொதுச் சொத்தாவது 2044இல். அதுவரை பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தால், உரிமை முடிகிற அன்று எங்கள் கைக்கு வருவது காடி வாடை மட்டும்தான்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

முதலாவது, இப்போது இறக்கி வைத்திருக்கும் மூலப் படங்களை மறுபடி ஏற்றுங்கள். இனிமேல் ரீமேக் ஒப்பந்தம் போடும்போது, புதுப் படம் வருவதற்காகப் பழையதை எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் பிடிவாதம் பிடித்தால், வெளியாகும் வாரத்துக்கு மட்டும் என்று தேதி போட்டு எழுதுங்கள். தேதி இல்லாத பூட்டு வேண்டாம். வேற்று மொழிப் படத்தின் உரிமையை வாங்கும்போதும் இதேதான். மூலத்தைத் தமிழ்நாட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை போடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த நிபந்தனையைக் கேட்டால் சிரிப்பார்கள், அது வேறு விஷயம்.

அடுத்தது டைட்டில். மூலப் படத்தின் பெயர், மொழி, வருடம், கதை எழுதியவர், இயக்கியவர், இத்தனையும் ஒரே அட்டையில், படத்தின் தொடக்கத்தில், என் பக்கத்து நாற்காலிப் பிள்ளை வாய்விட்டுப் படித்து முடிக்கும் அளவு நேரம் வேண்டும். ஹோட்டலுக்கும் டிராவல்ஸுக்கும் நடுவில் வேண்டாம். ஐந்து செகண்ட் போதும். அதற்கு உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

செலவாகிறது ஒன்று உண்டு. ரீமேக் உரிமையை விற்று வருகிற பணத்தில் முதலில் நெகட்டிவை வெளியே எடுத்துப் பாருங்கள். நெகட்டிவ் இல்லையென்றால் எங்கே நல்ல பிரிண்ட் இருக்கிறது என்று தேடுங்கள், பழைய விநியோகஸ்தர்களிடம் கேளுங்கள். ஸ்கேன் செய்து ஒரு பிரதியைப் புனே காப்பகத்தில் கொடுத்து வையுங்கள். புதுப்பிக்கிறோம் என்று பின்னணி இசையை மாற்றுவது, பாட்டை வெட்டுவது, கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசுவது இதெல்லாம் செய்தே ஆக வேண்டுமென்றால் தனிப் பிரதியில் செய்யுங்கள். ஒரு பிரதி வெளிவந்த மாதிரியே இருக்கட்டும்.

கடைசியாக, எங்களைப் போன்ற சின்னக் கூட்டங்களுக்கு ஒரு வழி செய்யுங்கள். ஊர் ஊராக இப்படிப் படம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரிடம் கேட்பது, எவ்வளவு கட்டுவது என்பதே தெரியாமல் பாதிப் பேர் திருட்டுப் பிரதி பக்கம் போகிறார்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி, 60 பேர் ஹாலுக்கு இவ்வளவு, 200 பேர் ஹாலுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணப் பட்டியல், ஒரு வாரத்துக்குள் ஆம் இல்லை என்ற பதில். இல்லை என்றால் அது ஏன் என்று ஒரு வரி.

நான் கேட்ட அந்தப் படத்துக்கு மட்டும் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஹாலை எடுத்து வைத்திருக்கிறேன். கட்டணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். கிணற்றடிக் காட்சியில் 11 ஃப்ரேம் குறைந்தால் சொல்லுங்கள், கூரியரில் அனுப்பி வைக்கிறேன், நகல் எடுத்துக்கொண்டு ஒரிஜினலைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸெராக்ஸ் கடைக்காரன்
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்